ஊரெல்லாம் பாட்டு, கணக்கில் பூச்சியம்

2024 மார்ச் மாதம் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளி வெளியிட்டார். ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்து மூன்று ஆண்டு நிறைந்த நேரம் அது. யூடியூபில் அந்தப் பாட்டின் பார்வைகள் ஐம்பது கோடியை நெருங்கிக்கொண்டிருந்தன. கலியாண வீடு, பாடசாலை ஆண்டுவிழா, விளையாட்டுப் போட்டி என்று அது ஒலிக்காத இடமில்லை. அப்படிப்பட்ட பாட்டிலிருந்து தனக்கோ, பாடிய தீக்கோ, எழுதிப் பாடிய அறிவுக்கோ அதுவரை ஒரு சதமும் வந்துசேரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது.

யார் சொல்வது சரி என்பதைக் கணக்குப் புத்தகங்களும் ஒப்பந்தங்களும்தான் தீர்க்க வேண்டும். ஆனால் அந்தக் காணொளி வந்த நாளில் பலருக்கு ஒரு நம்பிக்கை ஆட்டம் கண்டது. பாட்டு ‘வைரல்’ ஆனால் பாடினவர் பணக்காரர் ஆகிவிடுவார் என்ற நம்பிக்கை அது. கைபேசியும் கொஞ்சம் குரல்வளமும் உள்ள எந்த இளைஞருக்கும் இன்று இருக்கும் நம்பிக்கை. மன்னாரிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது.

இந்தப் பாட்டின் கதையை மன்னாரிலிருந்து சொல்லத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவரைப் போன்றவர்களின் முன்னோர் இந்தத் தீவுக்குள் காலடி வைத்த முதல் மண் பெரும்பாலும் மன்னார் மண்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, இராமேஸ்வரம், தேவிபட்டினம், தொண்டிக் கரைகளிலிருந்து தோணிகளில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடை. பசியிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு நடை போய்ப் புகையிரதம் வந்தது. பாதை மட்டும் மாறவில்லை.

திரும்பிப் போனதும் இதே வழிதான். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. பெட்டி, பாய், பிள்ளைகளோடு தலைமன்னார் இறங்குதுறையில் காத்துக் கிடந்த குடும்பங்கள் பல. 1980களின் தொடக்கத்தில் கப்பலும் நின்றுபோனது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து 2023 ஜூலை இறுதியில் ஒரு நடைபயணம் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. அது தொடங்கிய இடமும் தலைமன்னார்தான்.

இந்த வரலாற்றின் சாறுதான் அந்தப் பாட்டு. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் இல்லை என்ற ஆதங்கத்தை ஒப்பாரியின் குரலில் வைத்து, ஆடவைக்கும் தாளத்தில் ஏற்றியிருந்தார்கள். உழைத்தவனுக்குப் பலன் போய்ச் சேராத கதையைப் பாடிய பாட்டின் பலனும் உழைத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று சொல்லப்படுவதைக் கேட்டால் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

பிணக்கு 2024இல் தொடங்கியதல்ல. 2021 மார்ச் 7ஆம் திகதி பாட்டு வந்தது. மாஜா அப்போது புதிதாக முளைத்த நிறுவனம். கனடாத் தமிழர்கள் முன்னின்று தொடங்கியது, ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவு பெற்றது, சினிமாவுக்கு வெளியே தனியிசைக் கலைஞர்களை உலகத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்தது. சில மாதங்களுக்குள் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகையின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் வந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு மேடையேறியபோதும் அறிவு அங்கே இல்லை. இந்தப் பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடி, நடித்தவன் நான் என்ற கருத்தில் அறிவு பதிவிட்டார். மெட்டும் இசையும் எப்படி உருவாயின என்பதற்குத் தங்கள் பக்க விளக்கத்தைச் சந்தோஷ் நாராயணனும் தீயும் கொடுத்தார்கள். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று அப்போது சந்தோஷ் நாராயணன் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, வருமானமே வரவில்லை என்றார். பூச்சியத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குப் பூச்சியம்.

இங்கே ஒரு நுணுக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது. ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. அதற்குப் பணம் போட்டவருக்கு, அல்லது ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு உரியது. இவற்றுக்கு மேல், காணொளி எந்த யூடியூப் அலைவரிசையில் ஏறியிருக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. விளம்பரக் காசு முதலில் அந்தக் கணக்குக்குத்தான் போகும். அங்கிருந்து மற்றவர்களுக்கு வருவதும் வராததும் தாளில் எழுதியதைப் பொறுத்தது. பார்ப்பவர்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் இந்த ஒழுங்கு மாறாது. ஐம்பது கோடிப் பேர் பார்த்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி தானாக முளைக்காது.

ஓடிய பாட்டு, ஓடாத படம்

வைரலுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள தூரத்தைத் தமிழ்ச் சினிமா 2011இலேயே அளந்து பார்த்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி சோனி மியூசிக் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாட்டை யூடியூபில் ஏற்றியது. ஒலிப்பதிவுக் கூடத்துக் காட்சிகள், நடிகர் தனுஷ், அப்போது இருபத்தொரு வயதான இசையமைப்பாளர் அனிருத், அவ்வளவுதான். சில வாரங்களில் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஜப்பானியப் பிரதமருக்கு இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷுக்கு அழைப்புப் போனது. யூடியூபில் பத்துக் கோடிப் பார்வைகளைத் தாண்டிய முதல் இந்திய இசைக் காணொளி அதுதான் என்று பின்னால் பதிவானது.

பாட்டு விற்க வந்த பொருள் ‘3’ என்ற படம். 2012 மார்ச் 30ஆம் திகதி அது திரைக்கு வந்தது. பாட்டைப் பார்த்து விளையாட்டுத்தனமான காதல் படம் என்று நினைத்துப் போனவர்கள், மனநோயும் மரணமும் கொண்ட கனத்த கதையைக் கண்டு திகைத்தார்கள். பாட்டு எழுப்பிய எதிர்பார்ப்பைப் படத்தின் வசூல் எட்டவில்லை. பாட்டைக் கேட்ட கூட்டம் படத்துக்கு வரும் என்று போட்ட கணக்கு பொய்த்தது. ஆனால் அந்தப் பாட்டால் ஒருவர் வாழ்ந்தார். அனிருத். ‘கத்தி’ முதல் ‘ஜவான்’ வரை அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளுக்கு முதல் கதவைத் திறந்தது அந்தப் பாட்டுத்தான்.

வைரலின் வணிகப் பயனைத் தேட வேண்டிய இடம் இதுதான். பாட்டு தரும் காசை விட, பாட்டைக் காட்டிப் பெறும் அடுத்த வேலையில்தான் பணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் ‘கட்சி சேர’ என்ற தனிப்பாட்டோடு வந்த சாய் அபயங்கர் இதற்கு அண்மைய உதாரணம். அதே ஆண்டு ‘ஆச கூட’ வந்தது. இரண்டும் கைபேசிகளில் பற்றிக்கொண்டன. ஒரு படமும் வெளிவராத நிலையிலேயே பெரிய படங்களுக்கு இசையமைப்பாளராக ஒப்பந்தமானார். 2025 தீபாவளிக்கு ‘டியூட்’ வந்தது. பாடகர்களான திப்புவும் ஹரிணியும் அவருடைய பெற்றோர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஸ்டூடியோவுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கும், மன்னார்ச் சிலாவத்துறையில் பழைய கைபேசி வைத்திருக்கும் பிள்ளைக்கும் ஓட்டம் ஒரே கோட்டில் தொடங்குவதில்லை.

இலங்கையில் இந்தக் கதைக்குப் பெயர் ‘மெனிகே மகே ஹித்தே’. முதலில் 2020இல் சதீஷன் ரத்நாயக்க பாடி வெளியிட்ட சிங்களப் பாட்டு. துலான் ஏஆர்எக்ஸ் எழுதியது. 2021 மே மாதம் யொஹானி டி சில்வா சதீஷனோடு சேர்ந்து, சமத் சங்கீத்தின் இசையமைப்பில், அதை மறுபடி பாடினார். வீட்டு அறையில் எடுத்தது போன்ற ஓர் எளிய காணொளி. ஜூலையில் அமிதாப் பச்சனின் பழைய ‘காலியா’ நடனக் காட்சி ஒன்றுக்கு இந்தப் பாட்டைப் பொருத்திய துண்டு வந்தது, அதை அமிதாப்பே பகிர்ந்தார். பிறகு இந்தியாவின் பல மொழிகளிலும் இன்ஸ்டகிராம் துண்டுகள் கொட்டின. சில மாதங்களில் யொஹானி இந்தியாவில் பாடினார். 2022இல் ‘தேங்க் காட்’ என்ற இந்திப் படத்தில் அந்தப் பாட்டு இந்தி வடிவம் எடுத்தது.

இலங்கைப் பாட்டு ஒன்றுக்கு இப்படி ஒரு வாசல் இதற்கு முன் திறந்ததாகச் சொல்ல முடியாது. வடக்கில் அந்தப் பாட்டுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. யொஹானியின் தந்தை இறுதிப் போரில் படைப்பிரிவுகளுக்குத் தலைமை தாங்கிய இராணுவ அதிகாரி. அந்தச் செய்தி பரவியபோது, பாட்டை ரசித்த பல தமிழர்கள் சங்கடப்பட்டார்கள், சிலர் கோபப்பட்டார்கள், பலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யூடியூப் எண்ணுவது பார்வைகளை மட்டும்தான். பார்த்தவர் எந்த மனநிலையில் பார்த்தார் என்பது அதன் கணக்கில் வராது.

வணிகமாகப் பார்த்தால் இந்தப் பாட்டிலும் அதே பாடம். மூலப் பாட்டை 2020இல் வெளியிட்ட சதீஷனின் பெயரை இந்தியாவில் எத்தனை பேர் அறிவார்கள்? எழுதியவரை? வைரல் வெளிச்சம் முகத்தின் மேல்தான் விழும். காணொளியில் யார் முகம் இருக்கிறதோ அவருக்கு மேடை, விளம்பரம், அடுத்த படம். முகம் காட்டாமல் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பாதுகாப்பு உரிமைப் பதிவு ஒன்றுதான்.

பெயர் இருந்தால் பங்கு

உலகத்திலும் இதே நியாயம்தான். 2019இல் அமெரிக்காவின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ ரிக்ரொக்கில் தொடங்கி, பில்போர்ட் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் தாள இசையைப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் இணையத்தில் 30 டொலருக்கு வாங்கியிருந்தார். பாட்டு பெரிதான பிறகு பெரிய நிறுவனம் வந்தது, வழக்கறிஞர்கள் வந்தார்கள். தாளத்தைச் செய்த நெதர்லாந்து இளைஞரின் பெயரும், அவர் எடுத்தாண்ட பழைய இசையின் சொந்தக்காரர்கள் பெயரும் படைப்பாளர் பட்டியலில் ஏறின.

நம்மவர் உதாரணம் இன்னும் கூர்மையானது. ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான மாயா அருட்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ., இணையத்தில் பாட்டு கைமாறத் தொடங்கிய காலத்தில் அதன் வழியாகவே பெயர் பெற்றவர்களில் ஒருவர். 2007இல் வந்த அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ அடுத்த ஆண்டு ஒரு ஹொலிவூட் படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த பிறகுதான் பெருங்கூட்டத்துக்குப் போனது. பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டின் அடித்தளமாக ஓடும் கிற்றார் இசை ‘த க்ளாஷ்’ என்ற ஆங்கிலக் குழுவின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. ஆகவே பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் க்ளாஷ் குழுவினரின் பெயர்களும் இருக்கின்றன. எம்.ஐ.ஏ.யின் பாட்டு உலகத்தில் எங்கே விற்றாலும் அதில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு.

க்ளாஷ் குழுவின் கிற்றாருக்குக் கிடைத்த மரியாதை ‘என்ஜாய் எஞ்சாமி’யின் ஒப்பாரிக்கு எந்த ஏட்டில் கிடைக்கும்? அது பாட்டிகளின் குரலிலிருந்து வந்தது. பாட்டிகள் எதையும் பதிவு செய்யவில்லை. ஆளில்லாச் சொத்து என்று அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அறிவு தன் பாட்டியின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார், முகத்தைக் காணொளியில் காட்டினார். அது அவருடைய நேர்மை. சட்டம் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

இணையம் வந்துதான் இந்தச் சிக்கல் தொடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. பாக்குநீரிணையின் இரு கரையிலும் பாட்டைப் பரப்பிய முதல் பெரும் கருவி இலங்கை வானொலி. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, கொழும்பு அந்த இடத்தைப் பிடித்தது. அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இந்திப் பாட்டுகளை வாரந்தோறும் வரிசைப்படுத்தியது. இசைத்தட்டு விற்பனையும் நேயர் கடிதங்களும்தான் அந்த வரிசைக்கு ஆதாரம். கேட்பும் விற்பனையும் கைகோத்த காலம். தமிழில் ‘பொங்கும் பூம்புனல்’, கே.எஸ். ராஜாவின் குரல், பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’. இராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் தேநீர்க் கடைகளில் ஒலித்தது இந்தக் கரையின் வானொலி. பாட்டுக்குத் தேவை எவ்வளவு என்பதைத் தபால் அட்டைகள் சொல்லின.

அந்தக் காலத்து வைரல் பாட்டு ‘சுராங்கனி’. ஏ.ஈ. மனோகரன் பாடிய பைலாத் துள்ளல். சிங்களமும் தமிழும் கலந்து, மீன் கொண்டுவந்ததைச் சொல்லி ஆடவைக்கும் பாட்டு. மீன்பிடிக் கரைகளில் அதற்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. பைலாவே போர்த்துக்கேயர் விட்டுப்போன தாளம். 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியவர்களின் தாளம், மன்னார்க் கலியாண வீடுகளில் இன்றைக்கும் கடைசிப் பாட்டாக ஒலிக்கிறது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ‘சுராங்கனி’ சினிமாவுக்குள் போனது. பல இந்திய மொழிகளும் அதை எடுத்துக்கொண்டன. மனோகரனுக்கு ‘சிலோன்’ என்ற அடைமொழியும், பொப் இசைச் சக்கரவர்த்தி என்ற பெயரும், மேடைகளும், தமிழ்ப் படங்களில் சிறு வேடங்களும் கிடைத்தன. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ஒரு பாட்டு எத்தனை மொழியில் எத்தனை கோடி முறை பாடப்பட்டாலும், அதைப் பாடியவருக்கு மிச்சம் அந்த அடைமொழிதான் என்பது அன்றைய நிலைமை.

இந்தியாவில் சட்டம் பிறகு மாறியது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய உரிமைத்தொகையை ஒப்பந்தத்தில் எழுதிவாங்கிவிட முடியாது என்று ஆக்கியது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்தில் அதற்காகப் போராடினார். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் உரிமையை ஆயுட்காலமும் அதற்குமேல் எழுபது ஆண்டும் காக்கிறது. சட்டம் இருக்கிறது. பயன்படுத்துபவர்கள் குறைவு.

பேசாலைக் கணக்கும் ரொறன்ரோக் கணக்கும்

மன்னாரில் ஓர் இளைஞர் சொந்தமாக ஒரு பாட்டை எழுதி, மெட்டமைத்து, இன்றைக்கு ஏற்றினால் என்ன நடக்கும்? ரிக்ரொக்கில் ஏற்றினால் கூட்டம் வேகமாகச் சேரும். இந்தியா 2020 ஜூனில் அதைத் தடைசெய்துவிட்டது, இலங்கையில் அது ஓடுகிறது. ஆனால் பார்வைக்குக் காசு கொடுக்கும் அதன் படைப்பாளர் திட்டம் திறந்திருக்கும் நாடுகளில் இலங்கை இல்லை. எவ்வளவு பார்வை வந்தாலும் அது பெயர்தான், சம்பளம் இல்லை.

யூடியூப் இலங்கையில் காசு கொடுக்கிறது. விளம்பரப் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், அதோடு பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வை வேண்டும், அல்லது குறுங்காணொளிகளில் தொண்ணூறு நாளுக்குள் ஒரு கோடிப் பார்வை வேண்டும். அந்த வாசலைத் தாண்டினால் நீண்ட காணொளியின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் படைப்பாளருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விளம்பரத்தின் விலை, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மன்னார்ப் பேசாலையில் ஆயிரம் பேர் பார்ப்பதும் ரொறன்ரோவில் ஆயிரம் பேர் பார்ப்பதும் எண்ணிக்கையில் ஒன்று, காசில் ஒன்றல்ல. ஈழத்துக் காணொளிகள் பலவற்றில் புலம்பெயர் உறவுகளை நோக்கிய ஏக்கம் தூக்கலாக இருப்பதற்கு உணர்வு மட்டும் காரணமல்ல.

ஸ்பொடிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. தன் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனால் 2024 முதல் புதிய விதி ஒன்று. ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்துக்குள் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால் ஒலிப்பதிவுக்கான தொகையே கிடையாது. சிறியவர்களின் சில்லறை பெரியவர்களின் பைக்குப் போகிறது என்று உலகம் முழுக்கத் தனிக் கலைஞர்கள் இதை எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. சிறு மொழிகளில், சிறு ஊர்களில் பாடுபவர்களுக்கு ஆயிரம் என்பது சிறிய எண் அல்ல.

மிச்சம் இருப்பது மேடை. கோவில் திருவிழா, தேவாலயப் பெருநாள், கலியாணம், வெளிநாட்டு இசைநிகழ்ச்சி. வைரல் பாட்டுக்காரருக்கு உண்மையில் சோறு போடுவது இதுதான். வடக்கில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. சந்தோஷ் நாராயணன் 2023 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நடத்திய ‘யாழ் கானம்’ நிகழ்ச்சியும் இலவசம்தான். பெரியவர்கள் இலவசமாகப் பாடலாம், அவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது. உள்ளூர்க் கலைஞரையும் அதே கணக்கில் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்புவது அநியாயம்.

மன்னாருக்கு இதைவிடப் பெரிய கவலை வேறொன்று. இந்தக் கரையின் பாட்டுச் சொத்து பெரும்பாலும் தனியாள் சொத்து அல்ல. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏந்திப் பாடும் அம்பா இருக்கிறது. உழவு இயந்திரம் வலையை இழுக்க வந்த பிறகு அதன் தேவை குறைந்துபோனது, வயதானவர்களின் நினைவில் மட்டும் தங்கிக்கொண்டிருக்கிறது. மாதோட்டக் கூத்தின் வடபாங்கு, தென்பாங்கு மெட்டுகள் இருக்கின்றன. தவக்காலத்துப் பசாம் பாட்டுகள், பேசாலையின் உடக்குப் பாஸ் என்ற திருப்பாடுகளின் நாடகம் இருக்கின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கூத்துப் பிரதிகளை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். சொல் அச்சேறியது. மெட்டு இன்னும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் தொண்டையில்தான்.

நாளைக்கு ஓர் அம்பாவை யாராவது சென்னையிலோ கொழும்பிலோ தாளம் சேர்த்து வெளியிட்டு, அது பற்றிக்கொண்டால்? ‘என்ஜாய் எஞ்சாமி’க்குப் பிறகு நாட்டார் குரலுக்கு நல்ல சந்தை இருக்கிறது என்று எல்லா நிறுவனங்களுக்கும் தெரியும். இலங்கைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளை வணிகத்துக்காக எடுத்தாள்வதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஒரு பாட்டு இந்தக் கரையுடையது என்று காட்ட எந்த ஆவணமும் இல்லாதபோது, அந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

கரைவலைத் தொழிலில் வலை கடலுக்குப் போகும் முன்பே பங்கு பேசிவிடுவார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுப்பவர்களுக்கு எவ்வளவு என்பதில் மீன் கரைக்கு வந்த பிறகு விவாதம் கிடையாது. பாட்டுத் தொழிலில் மட்டும், கூட்டாளிகள் தோளில் கைபோட்டுக்கொண்டு ‘நமக்குள்ளே என்ன கணக்கு’ என்று ஆரம்பித்துவிட்டு, ஐம்பது கோடிப் பார்வை வந்த பிறகு அறிக்கை விடுகிறார்கள்.

ஆகவே மன்னாரில் பாட்டு எடுக்கும் பிள்ளைகளுக்கும், கூத்தையும் அம்பாவையும் கைபேசியில் பதிவு செய்யும் ஊர்ச் சங்கங்களுக்கும், பங்குத் தந்தையருக்கும், மௌலவிமாருக்கும், ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவேற்றும் பொத்தானை அழுத்துமுன் ஒரு தாளை எடுங்கள். எழுதியவர் யார், மெட்டு யாருடையது, பாடியவர் யார், பழைய பாட்டென்றால் எந்த ஊரில் எவரிடம் எந்தத் திகதியில் கேட்டது, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு, அலைவரிசை யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி, எல்லோரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயர்களைக் காணொளியின் கீழும் எழுதுங்கள். அரை மணிநேர வேலை. பாட்டு ஓடாவிட்டால் நட்டமில்லை, ஓடிவிட்டால் அந்தத் தாள் உங்களுக்குத் தேவைப்படும்.